அக்கா பேர்ல அக்கவுண்ட், தம்பி கையில போன்: சத்துவாச்சாரி குடும்பம் ஒண்ணோட கிரிப்டோ கணக்கு

கிரிப்டோ ஆப் ஒண்ணுல ஒரு லட்சம் ரூபாய் உள்ள போச்சி. வரி எல்லாம் கட்டி முடிச்சப்பறம் கணக்குப்படி மிஞ்சினது 73,648 ரூபாய், அதுலயும் 20,000 ரூபாய் பேங்க்ல இருந்துகினே எடுக்க முடியாம நிக்குது. இது நடந்தது 2024-25 நிதியாண்டுல, அதாவது 2024 டிசம்பர்ல பிட்காயின் முதல் தடவையா ஒரு லட்சம் டாலரை தாண்டின அதே வருஷத்துல. ஆப் போலி இல்ல, ஹேக் ஆகல, கம்பெனிக்காரங்க யாரும் துட்ட தூக்கிகினு ஓடல. அதனாலதான் முழுசா எழுதி வெக்கணும்னு உக்காந்தேன். ஏமாந்த கதைன்னா படிக்கறவங்க நமக்கு இதெல்லாம் நடக்காதுன்னு தள்ளி விட்டுட்டு போயிடுவாங்க, இது முறையா ரிஜிஸ்டர் ஆன ஆப்ல, சரியான ஆதார் சரியான பேன் குடுத்து, "புதுசா வர்றவங்களுக்கு ரொம்ப ஈசி"ன்னு எல்லாரும் சொல்ற எக்ஸ்சேஞ்ச்ல, அதாவது கிரிப்டோ வாங்கி விக்கற எடத்துல, நடந்தது.

நான் வேலூர்ல வருமான வரி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டு குடுக்கற வேலை பாக்கறேன். இந்த குடும்பம் 2025 நவம்பர்ல என்கிட்ட வந்தாங்க. எழுதிக்கட்டுமான்னு கேட்டேன், அக்கா சரின்னாங்க, பேரு மட்டும் வேணாம்னாங்க. பேரு, ஆப், பேங்க், கம்பெனி எதுவும் இதுல இருக்காது. லாப நஷ்ட தொகையை ஆயிரத்துக்கு ரவுண்ட் பண்ணிட்டு, வரியை அதுல இருந்து போட்டிருக்கேன்.

யாரு, எப்படி ஆரம்பிச்சாங்க

அக்காவுக்கு ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு கம்பெனில குவாலிட்டி பிரிவுல வேலை, வருஷத்துக்கு 8.6 லட்சம் சம்பளம். வீட்டுக்காரர் பெங்களூர்ல, வாரக்கடைசில ரயில் புடிச்சி காட்பாடி வந்து இறங்குவாரு. அம்மாவும் தம்பியும் சத்துவாச்சாரி வீட்லயே கூட இருக்காங்க. தம்பி காட்பாடி பக்கம் ஒரு காலேஜ்ல இன்ஜினியரிங் மூணாவது வருஷம்.

அம்மா ஆரம்பத்துலயே வேணான்னு சொன்னாங்க. காரணம் இருக்குது. 2022ல நம்ம வேலூர், ராணிப்பேட்டை பக்கம் மாசாமாசம் இத்தனை பர்சென்ட் தர்றோம்னு சொல்லி துட்டு வாங்கின கம்பெனிங்க மேல பொருளாதார குற்றப்பிரிவு போலீஸ் வரிசையா வழக்கு போட்டது, நம்ம ஊர்ல யார கேட்டாலும் சொந்தத்துல ஒருத்தராவது அதுல போட்டு வுட்டவங்க இருப்பாங்க. இவங்க சித்தி ஒருத்தங்க நகைய வித்து போட்டவங்க. "இன்னாடா இது, மறுபடியும் அந்த பைனான்ஸ் மாதிரிதான"ன்னு அம்மா கேட்டதுக்கு தம்பி சொன்ன பதில் உண்மையிலயே சரியான பதில்: "அம்மா, இதுல யாரும் வட்டி தர்றேன்னு சொல்லல, ஏறினா ஏறும் எறங்கினா எறங்கும், தங்கம் மாதிரி." வட்டி வாக்கு குடுக்காத இடம்னு அவன் பிரிச்சி பாத்தது நல்ல விஷயம், இந்த வயசுல பல பேரு அதைக்கூட பாக்க மாட்டாங்க.

எக்ஸ்சேஞ்ச் தேடும்போதும் அவன் கண்ண மூடிகினு போகல. 2024 ஜூலை 18 வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்ச்ல சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்பு காயினுங்க திருடு போய், பணம் எடுக்கறத நிறுத்தி வெச்சிருந்த நேரம் அது. காலேஜ் முழுக்க அதே பேச்சு. அதுக்கு மொத வருஷம் 2023 டிசம்பர் 28ல எஃப்ஐயு, அதாவது மத்திய அரசோட நிதி உளவுப் பிரிவு, பைனான்ஸ் (Binance), குகாயின் மாதிரி ஒம்போது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுங்களுக்கு நோட்டீஸ் குடுத்து, 2024 ஜனவரில அவங்க ஆப், வெப்சைட் எல்லாம் இங்க முடக்கினாங்க. 2023 மார்ச் 7லேந்து கிரிப்டோ கம்பெனிங்களும் பணமோசடி தடுப்பு சட்டத்துக்கு கீழ வந்துட்டதால, அந்த எஃப்ஐயு கிட்ட பதிவு பண்ணினாதான் இங்க தொழில் பண்ணலாம். தம்பி அந்த பதிவு இருக்குதான்னு பாத்துதான் ஆப் எடுத்தான். தமிழ்ல மெனு, 100 ரூபாயில ஆரம்பிக்கலாம், பெரிய பச்சை பட்டன் ஒண்ணு, சிவப்பு பட்டன் ஒண்ணு. அவ்ளோதான் ஸ்க்ரீன்.

அவனுக்கு அப்ப பேன் கார்டு இல்ல. அக்காவுக்கு இருந்துச்சி. ஆதார் ஓடிபி, பேன் போட்டோ, ஒரு செல்ஃபி, அஞ்சு நிமிஷத்துல அக்கா பேர்ல அக்கவுண்ட் ஓப்பன். அக்காவோட சம்பள அக்கவுண்ட்ல இருந்து 2024 ஆகஸ்ட்டும் செப்டம்பருமா கொஞ்சம் கொஞ்சமா ஒரு லட்சம் போட்டாங்க. ஆப் தம்பி போன்ல, லாகின் அக்கா பேர்ல, ஓடிபி மட்டும் அக்காவுக்கு போன் பண்ணி வாங்கிக்குவான். இதுல ஆபத்து இருக்குன்னு அன்னிக்கி அந்த வீட்ல யாருக்கும் தோணல, ஏன்னா வீட்டு கரண்ட் பில், கேஸ் புக்கிங், ரயில் டிக்கெட் எல்லாமே தம்பிதான் அக்கா பேர்ல பண்ணிகினு இருந்தான், இதுவும் அந்த வரிசையில சேந்துகிச்சி.

பச்சை பட்டன் இன்னா எடுத்துச்சி

ஆப்ல இருந்து முழு டிரேட் ரிப்போர்ட் எறக்க சொன்னேன். இதுல அந்த கம்பெனிய பாராட்டணும், ஒரு வரி விடாம தேதி, நேரம், வாங்கின விலை, வித்த விலை, விக்கும்போதே முன்கூட்டி புடிச்ச வரி, அதாவது டிடிஎஸ், எல்லாம் சுத்தமா வந்துச்சி. ஏழெட்டு மாசத்துல மொத்தம் 6,40,000 ரூபாய்க்கு வித்திருக்கான். கையில இருந்தது ஒரு லட்சம்தான், அதையே திருப்பி திருப்பி வாங்கி வித்ததால அவ்ளோ தொகை. காலைல பஸ்ல போகும்போது வாங்குவான், மதியம் கேண்டீன்ல விப்பான்.

ரிப்போர்ட்ட வெச்சி, அவன் ஒவ்வொரு தடவை வாங்கின நேரத்துலயும் வித்த நேரத்துலயும் ஆர்டர் புக்ல, அதாவது வாங்கறவங்க விக்கறவங்க கேக்கற விலையெல்லாம் வரிசையா நிக்கற பட்டியல்ல, ஓடின விலையோட ஒத்து பாத்தோம். அவனே உக்காந்து எக்செல்ல போட்டான், கெட்டிக்கார பையன். வெறும் காயின் விலை ஏற்ற எறக்கத்த மட்டும் எடுத்தா அவனுக்கு 4,000 ரூபாய் லாபம். ஆனா ரிப்போர்ட்ல நிகர நஷ்டம் 12,000. நடுவுல 16,000 எங்க போச்சி?

அந்த ஈசி ஸ்க்ரீன்ல காட்டற விலை ஆர்டர் புக் விலை இல்ல. வாங்க போனா கொஞ்சம் ஏத்தி காட்டும், விக்க போனா கொஞ்சம் எறக்கி காட்டும். ஸ்ப்ரெட்டுன்னு சொல்றது இதைத்தான். "ஃபீஸ் ஜீரோ"ன்னு போட்டிருந்தாலும் அது விலைக்குள்ளயே ஒளிஞ்சிகினு இருக்கும். இந்த ஆப்ல 10,000 ரூபாய்க்கு வாங்கி அடுத்த நிமிஷமே விக்க போனா சுமாரா 9,750ன்னு காட்டுது, போக வர ரெண்டரை சதவீதம். அம்மா இதை கேட்டதும் உடனே புரிஞ்சிகினாங்க: "நகைக்கடையில வாங்கும்போது சேதாரம், விக்கும்போது கழிவு, அதான." அதேதான், ஆனா நகைக்கடை பில்லுல சேதாரம்னு தனியா எழுதி இருக்கும், இங்க அப்டி தனியா எழுதறது இல்ல. 6,40,000க்கு ரெண்டரை சதவீதம் போட்டா 16,000 வந்துடுது.

அதே ஆப்ல மெனுவுக்குள்ள ப்ரோன்னு இன்னொரு ஸ்க்ரீன் இருக்குது. அதுல ஆர்டர் புக் தெரியும், நமக்கு வேண்டிய விலைய நாமளே போட்டு லிமிட் ஆர்டர் வெக்கலாம். ஃபீஸ் வெளிப்படையா 0.4 சதவீதம், அந்த ஃபீஸ் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. போக வர சேத்தாலும் ஒரு சதவீதம் வராது. அதே வியாபாரத்த அங்க பண்ணிருந்தா 16,000க்கு பதிலா 6,000 சொச்சம் போயிருக்கும். புதுசா வர்றவனுக்கு குழப்பமா இருக்கும்னு அந்த ஸ்க்ரீன உள்ள தள்ளி வெச்சிருக்காங்க. எனக்கு இது நியாயமா படல. குழப்பத்த கொறைக்கறோம்னு சொல்லி, விலை தெரியாதவன் கிட்டயே அதிக விலை வாங்கற அமைப்பு அது. சட்டப்படி தப்புன்னு நான் சொல்லல, விதிமுறையில எங்கியோ ஒரு மூலையில எழுதிதான் இருக்கும். ஆனா ஈசின்னு பேரு வெச்சி வுடறவங்க வாங்கற ரேட்டையும் விக்கற ரேட்டையும் ஒரே ஸ்க்ரீன்ல பக்கத்து பக்கத்துல காட்டணும், அதுக்கு பெரிய டெக்னாலஜி ஒண்ணும் வேணாம்.

நஷ்டத்துக்கு மேல வரி

அக்காவுக்கு உண்மையிலயே அதிர்ச்சி குடுத்தது இந்த இடம்தான். 2025 ஆகஸ்ட்ல தம்பி வழக்கம் போல அக்காவுக்கு ஐடிஆர்-1, அதாவது சம்பளக்காரங்களுக்கான சின்ன ரிட்டர்ன் ஃபாரம், போட்டு வுட்டுட்டான், கிரிப்டோல நஷ்டம்தான, காட்ட இன்னா இருக்குதுன்னு நெனச்சிட்டான். அக்டோபர்ல வருமான வரித் துறையில இருந்து அக்காவுக்கு மெயில், உங்க ஏஐஎஸ்ல (வரித் துறை நம்ம பேன்ல சேத்து வெக்கற பரிவர்த்தனை பட்டியல்) கிரிப்டோ பரிவர்த்தனை இருக்குது, ரிட்டர்ன்ல இல்லையேன்னு. ஏஐஎஸ்ல 6,40,000ன்னு நிக்குது, அக்கா அதை பாத்துட்டு "ஆறு லட்சத்துக்கு எங்க இருந்து வந்துச்சி"ன்னு ராத்திரி முழுக்க தூங்கல. தம்பிய கண்டபடி திட்டிருக்காங்க, அவன் ரெண்டு நாள் ஹாஸ்டல் ஃப்ரெண்டு ரூம்ல போய் படுத்துகிட்டான்.

சட்டம் இதுதான். 2022 பட்ஜெட்ல 115பிபிஎச்னு ஒரு பிரிவு கொண்டாந்தாங்க, 2022 ஏப்ரல் 1லேந்து கிரிப்டோ வித்த லாபத்துக்கு நேரடியா 30 சதவீதம், அதுமேல 4 சதவீதம் செஸ். வாங்கின விலைய மட்டும்தான் கழிக்கலாம், விக்கும்போது போன ஃபீஸ் எல்லாம் கழியாது. அடிப்படை விலக்கு வரம்பும் இதுக்கு செல்லாது, முதல் ரூபாயிலேந்து 30 சதவீதம். பெரிய அடி அடுத்ததுலதான்: நஷ்டத்த எதோடயும் ஈடு கட்ட முடியாது, அடுத்த வருஷத்துக்கும் எடுத்துகினு போக முடியாது. ஒரு காயின்ல வந்த நஷ்டத்த இன்னொரு காயின் லாபத்துல கழிக்கலாமான்னு கேட்டதுக்கு 2022 மார்ச்லயே மக்களவையில நிதித்துறை இணை அமைச்சர் முடியாதுன்னு பதில் குடுத்துட்டாரு. ஒரு காயின்ல 10,000 லாபம், இன்னொண்ணுல 10,000 நஷ்டம்னா நம்ம பாக்கெட்ல ஒண்ணும் மாறல, ஆனா 3,120 ரூபாய் வரி.

இந்த கேஸ்ல ரிப்போர்ட்ல லாபம் வந்த வரிசைகள மட்டும் கூட்டினா 46,000. நஷ்ட வரிசைங்க 58,000. வீட்டுக்கு 12,000 நஷ்டம், கவர்மெண்டு கணக்குல 46,000 லாபம். வரி 13,800, செஸ் 552, ஆக 14,352. இதுல ஏற்கெனவே புடிச்ச டிடிஎஸ் 6,400 கழிஞ்சா கட்ட வேண்டியது 7,952. அந்த டிடிஎஸ்சும் 2022 பட்ஜெட்ல வந்ததுதான், 194எஸ் பிரிவு, 2022 ஜூலை 1லேந்து. வித்த தொகையில ஒரு சதவீதம், லாபமோ நஷ்டமோ பாக்காது. லட்ச ரூபாய ஒரு தடவை முழுசா சுத்தி வித்தா ஆயிரம் போவுது, ஆறு தடவை சுத்தினா ஆறாயிரம். ரிட்டர்ன்ல திரும்ப கணக்குல வரும், ஆனா அதுவரைக்கும் அந்த துட்டு கையில இருக்காது. ஒரு காயின குடுத்து இன்னொரு காயின் வாங்கினாலும் அது விக்கறதுதான், வரியும் உண்டு டிடிஎஸ்சும் உண்டு, ரூபாயா மாத்தலியேன்னு யாரும் நெனச்சிகினு இருக்காதீங்க.

தம்பி கேட்டான், "அண்ணா, டிரேட் பண்ணினது நான்தான, என் பேர்ல காட்டிடலாமா." முடியாது. பேன் அக்காவோடது, துட்டு அக்காவோடது, பேங்க் அக்கவுண்ட் அக்காவோடது, ஓடிபி குடுத்ததும் அவங்க. போன் யார் கையில இருந்துச்சின்னு வரித் துறைக்கு வேண்டியதில்ல. வீட்ல ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் ஓட்டறது நம்ம பக்கம் ரொம்ப சகஜம், வட்டிக்கு குடுக்கறதுலேந்து சீட்டு வரைக்கும் அப்டித்தான் ஓடுது, ஆனா இங்க ஒவ்வொரு பட்டன் அழுத்தலும் அந்த பேன் நம்பர்ல போய் உக்காருது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இதை எல்லா வீட்லயும் சொல்லணும்னு நெனைக்கறேன்.

ஐடிஆர்-1ல கிரிப்டோ காட்டவே எடம் கிடையாது. ஐடிஆர்-2 எடுத்து, அதுல கிரிப்டோவுக்குன்னு இருக்கற ஷெட்யூல் விடிஏல வாங்கின தேதி, வித்த தேதி, வாங்கின விலை, வித்த விலைன்னு வரிசை வரிசையா ஏத்தினோம், நஷ்டம் வந்த வரிசையில தானா பூஜ்யம் விழுந்துடும். 2025 டிசம்பர் 31க்குள்ள திருத்தின ரிட்டர்ன் போட்டு 7,952 கட்டியாச்சி. பாக்கி பத்தாயிரத்துக்கு கீழ இருந்ததால அட்வான்ஸ் டாக்ஸ் வட்டி விழல. டிசம்பர தாண்டியிருந்தா அப்டேட்டட் ரிட்டர்ன்தான் வழி, அதுல வரிக்கு மேல இன்னொரு 25 சதவீதம் கூடுதலா வெக்கணும். பேசாம இருந்திருந்தா அபராதம் வேற.

எடுக்க போனப்ப

மறுபடியும் 2025 மார்ச்சுக்கு போவோம். காலேஜ் ஃபீஸ் கட்டணும், எல்லாத்தையும் வித்துட்டு எடுத்துடலாம்னு முடிவு பண்ணினாங்க. வித்தாச்சி, ஆப்ல ரூபாய் காட்டுது, வித்ட்ரா அழுத்தினா ஃபெயில். மறுபடி அழுத்தினா "பெயர் பொருந்தவில்லை".

நம்ம தமிழ்நாட்டுக்காரங்க எல்லாரும் கொஞ்சம் கவனமா படிக்க வேண்டிய எடம் இது. அக்காவுக்கு பேன் கார்டுல அப்பா பேரு விரிவா இருக்குது, கல்யாணத்துக்கு முன்ன எடுத்தது. கல்யாணத்துக்கு அப்பறம் ஆதார்ல வீட்டுக்காரர் இனிஷியல் மாத்திட்டாங்க. 2025 ஜனவரில பேங்க்ல கேஒய்சி புதுப்பிக்க சொல்லி ஆதார் குடுத்தாங்க, பேங்க்காரங்க ரெக்கார்டுல பேர ஆதார் படி மாத்திட்டாங்க. எக்ஸ்சேஞ்ச்ல இருக்கறது பேன் படி பேரு. பணம் வெளிய அனுப்பறதுக்கு முன்ன ஒரு ரூபாய் அனுப்பி, பேங்க்ல இருந்து வர்ற பேர எடுத்து ஒத்து பாப்பாங்க, அது பொருந்தல. ஆகஸ்ட்ல போட்டப்ப பழைய பேரு இருந்ததால உள்ள போச்சி, மார்ச்ல வெளிய வரல. எக்ஸ்சேஞ்ச்காரன் பண்றது சட்டப்படி சரிதான், வேற ஆள் அக்கவுண்டுக்கு பணம் போகக்கூடாது. ஆனா வடநாட்டு மாதிரி முதல் பேரு கடைசி பேருன்னு நெனச்சி கட்டின சாஃப்ட்வேருக்கு நம்ம இனிஷியல் புரியறதில்ல, முன்னாடி வந்தா ஒண்ணு பின்னாடி வந்தா ஒண்ணு, விரிச்சி எழுதினா இன்னொண்ணு. சப்போர்ட்டுக்கு மெயில் போட்டா ஆட்டோமேட்டிக் பதில் வருது, ஃபீஸ் கட்ட கடைசி தேதி நெருங்குது.

டெலிகிராம்ல வந்தவன்

அந்த அவசரத்துல ஒருத்தன் வழி சொன்னான். ரூபாய் வெளிய வரலன்னா யுஎஸ்டிடி (டாலர் விலைய ஒட்டியே நிக்கற காயின்) வாங்கி வாலட்டுக்கு (காயின் வெக்கற கணக்கு) அனுப்பு, டெலிகிராம் குரூப்ல பி2பி, அதாவது எக்ஸ்சேஞ்ச் இல்லாம ஆளுக்கு ஆள் நேரா, வாங்கறவங்க இருக்காங்க, மார்க்கெட் விலைய விட கூட தருவாங்க, டிடிஎஸ் கெடையாது, யுபிஐல உடனே துட்டு. தம்பி 20,000 ரூபாய்க்கு மட்டும் பண்ணினான். துட்டு உண்மையிலயே வந்துச்சி, ரெண்டே நிமிஷத்துல. அனுப்பினவர் பேரு வேற, குரூப்ல பேசினவன் பேரு வேற. அதை அவன் கவனிச்சான், ஆனா துட்டுதான் வந்துடிச்சேன்னு வுட்டுட்டான்.

ஏப்ரல்ல அக்காவோட சம்பள அக்கவுண்ட்ல 20,000 லீன், அதாவது எடுக்க முடியாதபடி முடக்கம், போட்டு வெச்சிருக்குது. பிராஞ்ச்ல போய் கேட்டா, வடக்க ஒரு மாநிலத்து சைபர் கிரைம் போலீஸ்ல இருந்து வந்த உத்தரவு, எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஒரு புகார் நம்பர் மட்டும் எழுதி குடுத்தாங்க.

இது எப்படி நடக்குதுன்னா, மோசடிக்காரன் எங்கியோ ஒருத்தர ஏமாத்தி, "இந்த யுபிஐக்கு பணம் போடுங்க"ன்னு நம்ம அக்கவுண்ட குடுத்துடுவான். பணம் போடறது ஏமாந்தவரு. யுஎஸ்டிடி போறது மோசடிக்காரன் வாலட்டுக்கு. ஏமாந்தவரு 1930க்கு போன் பண்ணி புகார் குடுத்ததும் போலீஸ் பணம் போன பாதைய புடிச்சிகினு வருது, முதல்ல நிக்கறது நம்ம அக்கவுண்ட். அனுப்பின யுஎஸ்டிடிய திருப்பி எடுக்க யாராலயும் முடியாது. அக்கா ஒரு கேள்வி கேட்டாங்க, எனக்கு அது ரொம்ப பெருசா தெரிஞ்சிது: "அப்ப அந்த 20,000 நெஜமா யாரோ ஒரு ஏழையோட துட்டா இருக்கலாமில்ல அண்ணா?" இருக்கலாம். அதனாலதான் இதுல "என் துட்ட முடக்கிட்டாங்க"ன்னு போலீஸ திட்டறதோட நிக்க எனக்கு மனசு வரல. எக்ஸ்சேஞ்சுக்குள்ளயே வித்திருந்தா யாரு வாங்கினான்னு அவங்ககிட்ட கேஒய்சி இருக்கும், துட்டு கம்பெனி அக்கவுண்ட்ல இருந்து வரும், நம்ம மேல இந்த பாரம் விழாது. ஒரு சதவீத டிடிஎஸ்ல மிச்சம் புடிச்சது 200 ரூபாய், அதுக்கு இவ்ளோ.

விசாரணை அதிகாரிக்கு மெயில்லயும் தபால்லயும் அனுப்பினது: டெலிகிராம் சேட் ஸ்க்ரீன்ஷாட், எக்ஸ்சேஞ்ச்ல இருந்து யுஎஸ்டிடி வெளிய போன பதிவு, பிளாக்செயின்ல, அதாவது காயின் பரிவர்த்தனை எல்லாம் பதிவாகற பொது பதிவேட்டுல, அந்த டிரான்சாக்‌ஷன் ஹேஷ் (அந்த பரிவர்த்தனையோட அடையாள எண்), பேங்க் ஸ்டேட்மென்ட், நடந்தது நடந்தபடி அக்கா கையெழுத்து போட்ட கடிதம். தம்பி சேட்ட டெலீட் பண்ணாம வெச்சிருந்தது பெரிய புண்ணியம். பதில் இன்னும் வரல. அடுத்தது அந்த ஊரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல மனு போடறதுதான்னு வக்கீல் சொல்றாரு, 20,000க்கு அங்க போய் வர்ற செலவ யோசிச்சிகினு இருக்காங்க.

ரூபாய் விஷயம் வேற மாதிரி முடிஞ்சிது. பேன்ல பேர ஆதார் படி திருத்த அப்ளை பண்ணி, எக்ஸ்சேஞ்ச்ல மறுபடி கேஒய்சி முடிச்சி, 61,600 கைக்கு வந்தது. அதுக்குள்ள காலேஜ் ஃபீஸுக்கு அம்மா வளையல் அடகு கடைக்கு போயிடுச்சி.

காயின் யாரு கையில

வந்தவங்ககிட்ட கேட்டேன், காயின் எங்க இருந்துச்சின்னு தெரியுமா? ஆப்லதான் அண்ணான்னாங்க. ஆப்ல இருக்கறது ஒரு எண்ணிக்கைதான், காயினோட சாவி கம்பெனிகிட்ட. பேங்க்ல போட்ட பணத்துக்கு டிஐசிஜிசிங்கற ரிசர்வ் பேங்க் துணை நிறுவனம் மூலமா 5 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்குது, எக்ஸ்சேஞ்ச்ல இருக்கறதுக்கு அப்டி ஒண்ணும் கெடையாது. பங்குச்சந்தைக்கு செபி மாதிரி கேக்கறதுக்கு தனி ஆளும் இல்ல, எஃப்ஐயு பதிவுங்கறது பணமோசடி கண்காணிப்புக்குதான், நம்ம துட்டுக்கு உத்தரவாதம் இல்ல. வாசிர்எக்ஸ்ல மாட்டினவங்க மறுபடி டிரேடிங் பாக்க 2025 அக்டோபர் ஆயிடுச்சி, ஒரு வருஷத்துக்கு மேல. 2025 ஜூலைல காயின்டிசிஎக்ஸ்ல சுமார் 4.4 கோடி டாலர் திருடு போச்சி, போனது கம்பெனியோட சொந்த பணம், கஸ்டமர் காயின் தொடல, நஷ்டத்த நாங்களே ஏத்துக்கறோம்னு சொன்னாங்க. ரெண்டும் எக்ஸ்சேஞ்ச் ஹேக்தான், ஆனா கஸ்டமருக்கு நடந்தது ரெண்டும் வேற வேற. ஆறுதலான ஒரு விஷயம், 2025 அக்டோபர்ல நம்ம சென்னை ஐகோர்ட், கிரிப்டோ ஒரு சொத்து, ஒருத்தர் வெச்சி அனுபவிக்கக் கூடியது, இன்னொருத்தர் நம்பிக்கையில புடிச்சி வெக்கக் கூடியதுன்னு தீர்ப்பு சொல்லிருக்குது. நாளைக்கி தகராறுன்னு வந்தா நிக்கறதுக்கு ஒரு தரை கெடைச்சிருக்குது.

உள்ள போறது எவ்ளோ ஈசின்னு எந்த ஆப்பும் காட்டும், வெளிய வர்றது எவ்ளோ ஈசின்னு நாமதான் பாத்துக்கணும். ஒரு லட்சம் போடறதுக்கு முன்ன 500 ரூபாய் போட்டு, வாங்கி, வித்து, பேங்குக்கே திருப்பி எடுத்து பாத்திருந்தா அன்னிக்கே ஸ்ப்ரெட் தெரிஞ்சிருக்கும், டிடிஎஸ் தெரிஞ்சிருக்கும். பேங்க்ல பேரு மாறினப்ப இன்னொரு தடவை பண்ணிருந்தா ஃபீஸ் கட்ற நேரத்துல மாட்டிருக்க மாட்டாங்க. பேரு, போன் நம்பர், பேங்க் எது மாறினாலும் மறுபடி அந்த 500 ரூபாய் சோதனைய பண்ணணும்னு நான் வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றேன்.

தம்பிக்கு இப்ப சொந்தமா பேன் இருக்குது, சொந்த பேங்க் அக்கவுண்ட். ஜனவரில என் ஆபீஸ்ல உக்காந்துகினே வேற ஒரு ஆப்ல அவன் பேர்ல ஓப்பன் பண்ணினான். பேனும் பேங்கும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்குதான்னு மொதல்ல பாத்தான், அப்பறம் 500 ரூபாய் போட்டு, ஆர்டர் புக்ல வாங்கி, கொஞ்ச நேரத்துல வித்து, வித்ட்ரா போட்டான். ஃபீஸ், ஜிஎஸ்டி, அஞ்சு ரூபாய் டிடிஎஸ் போக 490 ரூபாய் சொச்சம் அன்னிக்கே பேங்க்ல ஏறிடிச்சி. ரிப்போர்ட்ட எறக்கி ஒரு ஃபோல்டர்ல போட்டு வெச்சான், அடுத்த ரிட்டர்ன்ல அந்த அஞ்சு ரூபாயும் காட்டணும்னு சொல்லிருக்கேன். அதுக்கு மேல இன்னும் ஒண்ணும் போடல, அம்மா வளையல மீட்டப்பறம் பாக்கலாம்னு அக்கா சொல்லிட்டாங்க.